முள் கால் டாங்கி காட்டும்போதே பிக்கப் நின்றுவிட்டால் எங்கே பார்ப்பது?

வாழைச்சேனையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய வாப்பாவிடம் 1990களில் வந்த ஹைலக்ஸ் டீசல் பிக்கப் ஒன்று இருக்கிறது. துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு மகா ஓயா, பதியத்தலாவ பக்கம் ஓடுகிறது. டாங்கி நிறைய டீசல் அடித்தாலும் முள் முக்காலைத் தாண்டுவதில்லை. போன கிழமை முள் கால் டாங்கி காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. கேனில் 5 லிட்டர் கொண்டுவந்து ஊற்றி, டீசல் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுத்த பிறகுதான் ஸ்டார்ட் ஆனது. ஒரு கராஜில் மீட்டரை மாற்றச் சொன்னார்களாம், இன்னொருவர் டாங்கிக்குள் இருக்கும் யூனிட்டை மாற்றச் சொன்னாராம். இரண்டில் எதற்குக் காசு கொடுப்பது என்பது அவர் கேள்வி.

நான் கல்முனையில் நெடுங்காலமாக வாகன வயரிங் வேலை செய்கிறவன். என் பதில், இப்போதைக்கு இரண்டுக்கும் காசு கொடுக்காதீர்கள் என்பதுதான். நீங்கள் எழுதியதில் இரண்டு குறைகள் இருக்கின்றன, இரண்டும் எதிர்த் திசையில் போகின்றன. டாங்கி நிறைந்திருக்கும்போது முள் குறைத்துக் காட்டுகிறது. டாங்கி முடிகிற நேரத்தில் கூட்டிக் காட்டுகிறது, அல்லது கூட்டிக் காட்டுவதாகத் தெரிகிறது. இந்தச் சேர்க்கை நல்ல துப்பு. ஏனென்று விளங்க, இந்த மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

டாங்கிக்குள் ஒரு மிதவை, அதைத் தாங்கும் ஒரு கம்பிக் கை, அந்தக் கை திரும்பும் இடத்தில் மின்தடைப் பட்டை ஒன்று, இவை சேர்ந்ததுதான் யூனிட். டீசல் ஏறினால் மிதவை ஏறும், கை பட்டையின் மேல் நகரும், தடை மாறும். டாஷ்போடில் இருக்கும் மீட்டர் அந்தத் தடை வழியாக ஓடும் மின்னோட்டத்தைப் பார்த்துத்தான் முள்ளை நகர்த்துகிறது. பழைய டொயோட்டாக்களில் பரவலாக வரும் யூனிட்டில் டாங்கி நிறைந்திருக்கும்போது தடை 3 ஓம் அளவு, பாதியில் 32 அல்லது 33 ஓம், காலியாக இருக்கும்போது 110 ஓம். அதாவது தடை குறைந்தால் முள் ஏறும், தடை கூடினால் முள் இறங்கும். சில அமெரிக்க வாகனங்களில் இது தலைகீழாக இருக்கும். அதனால் இணையத்தில் ஆங்கில வீடியோக்களைப் பார்த்து வேலை செய்கிறவர்கள் முதலில் இதைக் கவனியுங்கள். அவர்கள் சொல்லும் அறிகுறிகள் நமது ஜப்பான் வண்டிக்கு நேரெதிராக வரலாம்.

இப்போது அந்த எண்களை வைத்துப் பாருங்கள். யூனிட்டின் எர்த் வயரில், அதாவது மின்சாரம் பெற்றரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழியில், துரு ஏறி, 12 ஓம் தடை புதிதாகச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிறைந்த டாங்கியில் 3 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 15 ஓம் ஆகிறது. மீட்டருக்கு அது பாதிக்கும் முழுமைக்கும் இடைப்பட்ட அளவு, முள் முக்கால் பக்கமாக நின்றுவிடும். காலி டாங்கியில் 110 ஓம் 122 ஆகிறது, அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆகவே முள் மேலே மட்டும் எட்டாமல் கீழே சரியாக இருந்தால் நான் முதலில் எர்த்தைத்தான் சந்தேகிப்பேன். அதற்கு எதிர்மாறான குறை கசிவு. வயர் எங்காவது உரசித் தோல் போயிருந்தால், அல்லது கனெக்டருக்குள் உப்புநீர் நின்று பச்சை பிடித்திருந்தால், மின்சாரத்துக்கு ஒரு பக்கவழி கிடைக்கிறது. அந்தப் பக்கவழி 300 ஓம் என்று வைத்தால், காலி டாங்கியின் 110 ஓம் மீட்டருக்கு 80 ஓமாகத் தெரியும், முள் காலிக் கோட்டுக்கு இறங்காமல் மேலேயே நிற்கும். நிறைந்த டாங்கியில் 3 ஓமுக்குப் பக்கத்தில் 300 ஓம் ஒரு பொருட்டே இல்லை.

ஆக, துருப்பிடித்த எர்த் முள்ளின் மேல் எல்லையைக் கெடுக்கும், உப்புக் கசிவு கீழ் எல்லையைக் கெடுக்கும். இரண்டும் ஒரே வண்டியில் ஒரே இடத்தில் நடக்கக்கூடியவை. மீன் ஏற்றுகிற வண்டி என்றால் எனக்கு இன்னும் சந்தேகம் கூடுகிறது. ஐஸ் கரைந்த உப்புநீர் பெட்டியின் தகட்டு இடுக்குகளால் ஒழுகி, சேசியின் மேலும் டாங்கியின் தலையிலும்தான் விழுகிறது. யூனிட்டின் கனெக்டர் அங்கேதான் இருக்கிறது. கரையோரத்தில் ஓடுகிற எந்த வண்டிக்கும் துரு வரும், ஆனால் மீன் வண்டிகளின் டாங்கித் தலையில் நான் காண்கிற அரிப்பை நெல் ஏற்றுகிற வண்டிகளில் காண்பதில்லை. அவற்றில் வேறு தொல்லை, நெல் களஞ்சியத்துப் பக்கம் நிறுத்தினால் எலி வயரைக் கடித்துவிடும். மாரிகாலத்தில் வெள்ளத்துக்குள் இறக்கி ஏற்றிய வண்டிகளிலும் இதே கனெக்டரைப் பாருங்கள்.

ஆனால் இது உறுதி என்று நான் சொல்லவில்லை. முதலில் தீர்க்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. அன்றைக்கு டாங்கி உண்மையிலேயே காலியாகத்தான் இருந்ததா? 5 லிட்டர் ஊற்றியதும் ஸ்டார்ட் ஆனது என்பதால் எல்லோரும் காலி என்றே நினைப்பார்கள். டாங்கிக்குள் இருக்கும் உறிஞ்சு குழாய் நடுவில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலும் இதே கதைதான் நடக்கும். டீசல் மட்டம் ஓட்டைக்குக் கீழே இறங்கியதும் குழாய் டீசலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும், எஞ்சின் நின்றுவிடும். 5 லிட்டர் ஊற்றினால் மட்டம் ஓட்டைக்கு மேலே வரும், வண்டி ஓடும். டாங்கிக்குள் 12, 15 லிட்டர் கிடக்கும்போதே வண்டி நின்றிருக்கலாம். அப்படியானால் முள் சொன்னது சரி, குற்றவாளி குழாய். செங்கலடி பதுளை வீதியில் மகா ஓயாவைத் தாண்டினால் ஏற்றம் தொடங்கும், டாங்கிக்குள் டீசல் ஒரு பக்கமாகச் சாயும், அப்போது இந்தக் குறை இன்னும் சீக்கிரம் வெளியே வரும். கரையோரத் தட்டை நிலத்தில் ஓடும்போது ஒன்றும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. முள் கால் டாங்கிக்குக் கிட்ட நிற்கும்போது வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டாங்கியின் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, வரும் டீசலைச் சுத்தமான கேனில் பிடித்து அளந்து பாருங்கள். வாகனக் கையேட்டில் டாங்கியின் கொள்ளளவு இருக்கும், அதில் கால்வாசி அளவு வந்தால் முள்ளின் கீழ்ப்பகுதி நேர்மையாக இருக்கிறது. ஒன்றிரண்டு லிட்டர்தான் வந்தது என்றால் முள் பொய் சொல்கிறது. அடியில் இருந்து சேறும் நீரும் வந்தால் அதையும் குறித்துவையுங்கள், அதற்குத் தனியாக வேலை இருக்கிறது. நான் வாகனத்தைப் பார்க்காமல் பேசுகிறேன், இந்த ஒரு அளவு தெரிந்தால் பாதி ஊகம் குறைந்துவிடும்.

முள் பொய் என்று தெரிந்தால் அடுத்த சோதனை வயரில். டாங்கியின் தலையில் இருக்கும் கனெக்டரைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வழி அறுந்துவிட்டதால் முள் காலிக் கோட்டுக்கு, அல்லது அதற்கும் கீழே இறங்க வேண்டும். உடனே இறங்காது. சில மீட்டர்களில் முள் ஆடாமல் இருக்கச் சிலிக்கன் எண்ணெய் விட்டிருப்பார்கள், ஆறுதலாகத்தான் நகரும், இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அப்படியும் முள் இறங்காமல் மேலே நின்றால் கசிவு டாங்கிக்கு வெளியே, வயரில் இருக்கிறது. யூனிட்டை மாற்றினால் ஒரு பயனும் வராது. முழுதாக இறங்கினால் கனெக்டரில் இருந்து மீட்டர் வரைக்கும் பெரிய கசிவு இல்லை, மேலே சொன்ன 300 ஓம் போன்ற சின்னக் கசிவு இதில் தெரியாது, கீழே வரும் 110 ஓம் சோதனையில்தான் தெரியும். அதிலும் கசிவு தெரியாவிட்டால் மிச்சம் கனெக்டரின் யூனிட் பக்கமும் யூனிட்டும்தான்.

அப்புறம், கழற்றிய கனெக்டரின் வயர் பக்கத்தில் யூனிட் வயரையும் எர்த்தையும் டாஷ்போடில் வரும் 3.4 வாட் சின்ன பல்ப் ஒன்றின் வழியாக இணையுங்கள். பல்ப் எரிய வேண்டும், முள் மேல்நோக்கி ஏற வேண்டும். பல்ப் இல்லாமல் வெறும் வயரால் நேரே எர்த் பண்ணுகிற பழக்கம் நமது ஊரில் இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். சூடேறி வளையும் தகட்டில் வேலை செய்கிற பழைய வகை மீட்டர் அதில் கெட்டுப்போகலாம். இன்னும் திருத்தமாகப் பார்க்க வேண்டும் என்றால் இலக்ரோனிக் சாமான் கடையில் 33 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள். யூனிட்டுக்குப் பதிலாக அதைக் கொடுத்தால் முள் பாதியில் நிற்க வேண்டும். 100 ஓமும் 10 ஓமும் வரிசையில் கோர்த்துக் கொடுத்தால் காலியில் நிற்க வேண்டும். இரண்டிலும் முள் சரியான இடத்தில் நின்றால் டாஷ்போட் மீட்டர் நல்லது, அதை மாற்றச் சொன்னவர் பார்க்காமல் சொல்லியிருக்கிறார். சில ரூபாய்க்கு வாங்குகிற அந்த ரெசிஸ்டர் ஒரு மீட்டரின் விலையை மிச்சப்படுத்தும்.

எர்த்துக்கும் ஒரு சோதனை. கனெக்டரைத் திரும்ப மாட்டிவிட்டு, நீளமான வயர் ஒன்றை எடுத்து ஒரு முனையை யூனிட்டின் எர்த் முனையிலும் மறு முனையை பெற்றரியின் நெகட்டிவிலும் பிடியுங்கள். சில வண்டிகளில் எர்த்துக்குத் தனி வயர் இருக்கும், சிலவற்றில் யூனிட்டின் தகடு வழியாகவே போகும், எது என்று முதலில் பாருங்கள். முதலில் டாங்கிப் பக்கத்தை இறுக்கிவிட்டு, கடைசியாகத்தான் பெற்றரியில் தொடுங்கள். டாங்கியின் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. டாங்கி நிறைந்திருக்கும்போது இந்த வயரைக் கொடுத்ததும் முள் முக்காலில் இருந்து முழுமைக்கு ஏறினால் உங்கள் முதல் குறைக்கு மருந்து கிடைத்துவிட்டது. எர்த் இறுகும் இடத்தில் பெயின்றையும் துருவையும் வெள்ளைத் தகடு தெரியும் வரை சுரண்டி, வயர் முனைக்குப் புது லக் (வளைய முனை) போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். மீன் வண்டி என்பதால் கனெக்டருக்கு மேலே ரப்பர் துண்டு ஒன்றையும் கட்டிவிடுங்கள், உப்புநீர் நேரே விழாமல் தடுக்கும். கனெக்டரின் முனைகள் பச்சையாக இருந்தால் சுத்தம் செய்து பார்ப்பதைவிட வெட்டிப் புதிதாகப் போடுவது மேல், வயருக்குள் ஏறிய பச்சை திரும்பத் திரும்ப வரும்.

டெம்பரேச்சர் முள்ளையும் ஒரு முறை கவனியுங்கள். பழைய வகை மீட்டர்களில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வோல்டேஜ் ரெகுலேட்டர் இருக்கும், அது 12 வோல்ட்டைக் குறைத்து ஏறக்குறைய 7 வோல்ட் அளவில் கொடுக்கும். அது பழுதானால் டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் இரண்டும் சேர்ந்து ஏறும் அல்லது சேர்ந்து இறங்கும். உங்கள் வண்டியில் டெம்பரேச்சர் வழக்கம்போலத்தான் காட்டுகிறது என்றால் ரெகுலேட்டரை விட்டுவிடுங்கள். ஒரு எல்லையில் கூடவும் மறு எல்லையில் குறையவும் காட்டுவது அதன் குணம் இல்லை.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் யூனிட்டை வெளியே எடுக்க வேண்டும். அங்கே எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதை நீங்கள்தான் வாப்பாவிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். இந்த வண்டிக்கு எப்போதாவது யூனிட்டோ டாங்கியோ மாற்றியிருக்கிறார்களா? ஜப்பானில் இருந்து வரும் பழைய சாமான் கடைகளில் துளையளவு ஒத்துப்போனால் போதும் என்று வேறு மாடல் யூனிட்டைத் தந்துவிடுவார்கள். பழைய நிசான் யூனிட்கள் பலவற்றின் அளவு நிறைந்தால் 10 ஓம், காலியானால் 80 ஓம் என்ற கணக்கில் இருக்கும். அதை டொயோட்டா மீட்டருக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று மேலே சொன்ன எண்களை வைத்தே கணக்குப் போடலாம், மேலேயும் எட்டாது, கீழேயும் இறங்காது. உங்கள் அறிகுறியும் கிட்டத்தட்ட இதுதான். டாங்கியை மாற்றியிருந்தாலும் அப்படியே, ஆழம் வேறுபட்டால் மிதவையின் கை அடிவரை போகாது. இந்த வகைக் குறைக்கு எர்த் வேலை உதவாது. ரெசிஸ்டர் சேர்த்துச் சரிக்கட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு எல்லையை ஓரளவு திருத்தலாம், இரண்டு எல்லைகளையும் நடுவையும் சேர்த்துத் திருத்த முடியாது. சரியான யூனிட்டைத் தேடிப் போடுவதுதான் வழி.

வெளியே எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை. பெற்றரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் வெல்டிங், சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம். டீசல் பெற்றோலைப் போல உடனே பற்றாது, ஆனால் வெயிலில் நின்ற டாங்கிக்குள் இருக்கும் ஆவியை நம்ப முடியாது. இதே வேலையைப் பெற்றோல் வண்டியில் செய்கிறவர்கள் அனுபவம் இல்லாவிட்டால் கை வைக்கவே வேண்டாம். திருகாணிகளைக் கழற்ற முன் டாங்கித் தலையில் இருக்கும் மணலையும் துருவையும் தூரிகையால் துடையுங்கள், உள்ளே விழுந்தால் அது டீசல் பில்டருக்குத்தான் போய்ச் சேரும். யூனிட் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போன்கமராவில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

கையில் வந்த யூனிட்டை மல்டிமீட்டரில் வைத்து மிதவையை மெதுவாக மேலிருந்து கீழே நகர்த்துங்கள். எண் சீராக ஏற வேண்டும். இடையில் குதித்தால், அல்லது அறுந்ததுபோல் காட்டினால் பட்டை தேய்ந்திருக்கிறது. எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக் கால் டாங்கியிலேயே ஓடுகிற வண்டிகளில் அந்த இடத்தில்தான் அதிகம் தேயும். பட்டையை எமரித் தாளால் தேய்க்காதீர்கள், மெல்லிய கம்பி அறுந்துவிடும், கொண்டாக்ட் கிளீனர் அடித்துத் துணியால் துடைத்தால் போதும். மிதவையைக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பாருங்கள், உள்ளே திரவச் சத்தம் கேட்டால் ஓட்டை. ஓட்டை மிதவை மூழ்கிக் கிடக்கும், முள் எப்போதும் காலியையே காட்டும், அது உங்கள் குறைக்குப் பொருந்தவில்லை, இருந்தாலும் கையில் எடுத்ததைப் பார்த்துவிடுவது நல்லது. எண்கள் எல்லாம் சரி, மட்டம் மட்டும் முழுக்க ஒரே அளவில் தள்ளிக் காட்டுகிறது என்றால் மிதவையின் கையைச் சற்று வளைத்துத் திருத்தலாம். உறிஞ்சு குழாயை எட்ட முடிந்தால் மேலிருந்து அடிவரை விரலால் தடவிப் பாருங்கள், அரிப்பு இருந்தால் தட்டுப்படும். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடாதீர்கள், வீட்டுக்குப் பாவிக்கும் சிலிக்கனும் வேண்டாம், அது டீசலில் ஊறி உரிந்துவிடும். எரிபொருளுக்குத் தாங்கும் கேஸ்கட் பசை கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு முள்ளுக்கு ஒரு அளவுக் குறிப்பு எடுங்கள். டிரெயின் போல்ட் வழியாக டாங்கியைக் காலியாக்கி, சமதரையில் 10 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் சாவியைத் திருப்பி முள் அசையாமல் நிற்கும் வரை காத்திருந்து, எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். நல்ல வண்டியிலும் முள் லிட்டர் கணக்குக்கு ஒத்து நகராது, டாங்கி மேலும் கீழும் ஒரே அகலம் இல்லாததால் பாதிக்குக் கீழே வேகமாக இறங்குவது வழக்கம். உங்கள் வண்டியின் முள் எந்த இடத்தில் நின்றால் 10 லிட்டர் மிச்சம் என்று வாப்பாவுக்குத் தெரிந்தால் மீட்டர் கொஞ்சம் பிழையாக இருந்தாலும் வழியில் நிற்க மாட்டார்.

அதுவரைக்கும் ஓடிய தூரத்தைக் காட்டும் டிரிப் மீட்டரை வைத்து ஓடுங்கள். பதுளை வீதியில் ஏற முன் செங்கலடியிலேயே அடித்துவிடுங்கள். இந்த எஞ்சின்களில் டீசல் பம்ப்புக்கு மசகும் டீசல்தான், வெறுமையாக ஓடினால் அதன் உள்பாகங்கள் தேயும், அடியில் கிடக்கும் அழுக்கும் பில்டருக்கு ஏறும். திரும்பவும் நின்றுவிட்டால் ஸ்டார்ட்டரைப் போட்டு இழுக்காமல் பில்டரின் தலையில் இருக்கும் கைப் பம்ப்பை அடித்துக் காற்றை எடுத்த பிறகு முயலுங்கள்.

டிரெயின் போல்ட்டில் இருந்து எத்தனை லிட்டர் வந்தது, கனெக்டரைக் கழற்றியபோது முள் எங்கே நின்றது, யூனிட்டை யாராவது முன்பு மாற்றினார்களா, இந்த மூன்றையும் எழுதினால் மிச்சத்தைச் சொல்கிறேன்.